மொஸ்தார்: ஒரு வளைவின் வரலாறு

அப்ஜத் கணக்கை நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தின் தலைப்பில் 786 என்று எழுதிப் பழகிய கைகள் நம்முடையவை. அந்தக் கணக்கை நான் மீண்டும் சந்தித்தது பொஸ்னிய நாட்டின் தென்பகுதியில், நெரேத்வா ஆற்றங்கரையில் உள்ள மொஸ்தார் என்னும் சிறு நகரிலாகும். அங்குள்ள கற்பாலத்திற்குக் 'குத்ரத் கெமெரி' என்பது காலக்குறிப்பு. 'வல்லமையின் வளைவு' எனப் பொருள் கொள்ளலாம். பெரிய காஃபுக்கு 100, தாலுக்கு 4, ரேக்கு 200, தேக்கு 400. அடுத்த சொல்லில் சிறிய காஃபுக்கு 20, மீமுக்கு 40, ரேக்கு 200, யேக்கு 10. ஆற்றங்கரைச் சுவரில் அமர்ந்து விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தேன். 974 வந்தது. ஹிஜ்ரி 974 என்பது 1566 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

அந்த ஆண்டின் ஸஃபர் மாதத்தில்தான், பாலத்தைக் கட்டப் பணித்த சுல்தான் சுலைமான், ஹங்கேரியப் போர்க்களத்துப் பாசறையில் கண் மூடினார்.

முன்பு அவ்விடத்தில் சங்கிலிகளில் தொங்கிய மரப்பாலம் ஒன்று இருந்தது. கடப்போர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே கடந்தனராம். பாலத்தைக் காத்தவர்கள் 'மொஸ்தாரி' எனப்பட்டனர். ஊரின் பெயர் அவர்களிடமிருந்து வந்தது. அரசர் பெயரையோ தளபதி பெயரையோ தாங்காமல், காவற்காரர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் நகரங்கள் உலகில் எத்தனை இருக்கும்?

1557இல் தொடங்கிய கற்பாலப் பணி ஒன்பது ஆண்டுகள் நடந்தது. பொறுப்பேற்றவர் கைருத்தீன், பெருங்கலைஞர் சினானின் மாணாக்கர். ஆற்றின் நடுவே தூணே இல்லை. ஏறத்தாழ 29 மீட்டர் அகலத்தை ஒரே வளைவு தாண்டுகிறது. கோடைக்கால நீர்மட்டத்திலிருந்து அதன் உச்சி 20 மீட்டருக்கும் மேல். 'தெனெலியா' என்னும் உள்ளூர் வெண்கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்து, உருக்கிய ஈயத்தை வார்த்து இறுக்கியிருக்கிறார்கள். சாரம் பிரிக்கும் நாளில், பாலம் நிற்குமோ விழுமோ என அஞ்சிய கைருத்தீன் ஊரை விட்டே ஓடிவிட்டார் என்பது செவிவழிக் கதை. தமக்குத் தாமே கப்ரு தோண்டிக்கொண்டு காத்திருந்தார் என்பாரும் உளர். இரண்டுக்கும் சான்று இல்லை. ஆயினும், கட்டியவனுடைய அச்சத்தைக் கதையாக்கி வைத்திருக்கும் மக்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

1664இல் இவ்வழி வந்த பயணி எவ்லியா செலெபி, பாலத்தின் மீதிருந்து இளைஞர்கள் ஆற்றில் குதிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். இன்றும் குதிக்கிறார்கள். வேடிக்கை பார்ப்போரிடம் போதிய காசு சேரும் வரை விளிம்பில் நின்று போக்குக் காட்டுவார்கள், பிறகுதான் பாய்ச்சல். ஜூலை வெயிலிலும் நெரேத்வாவின் நீர் எலும்பைத் துளைக்கும் குளிர்.

இத்தகைய பாலம் 427 ஆண்டுகள் நின்று, 1993 நவம்பர் 9 காலையில் விழுந்தது.

1992இல் யூகோஸ்லாவியப் படை இந்நகரைத் தாக்கியபோது குரோவாசியரும் பொஸ்னிய முஸ்லிம்களும் ஓரணியில் நின்றனர். 1993 மே 9இல் அந்த அணி உடைந்தது. கிழக்குக் கரை முற்றுகைக்குள் சிக்கியது. மேற்குக் கரையிலும் முஸ்லிம்கள் வசத்தில் ஒரு சிறு பகுதி இருந்தது. அதற்கும் கிழக்குக்கும் தொடர்பு இந்தப் பாலமே. மக்கள் அதற்குத் தகரக் கூரை வேய்ந்தார்கள். விளிம்புகளில் பழைய டயர்களைத் தொங்கவிட்டார்கள். நோயாளியின் மேல் போர்வையை இழுத்து மூடுவது போன்ற செயல் அது. குரோவாசியப் படையின் டாங்கி நவம்பர் 8இல் சுடத் தொடங்கியது. மறுநாள் வளைவு ஆற்றில் சரிந்தது.

ஹேக் நகரில் அமைந்த பன்னாட்டு நீதிமன்றம் 2013இல் அளித்த தீர்ப்பில், இந்த அழிப்பு மக்களுக்கு இழைக்கப்பட்ட அளவுமீறிய கொடுமை என்றது. 2017இல் மேல்முறையீட்டு அமர்வு வேறு கருத்துரைத்தது. படையினரும் பயன்படுத்திய பாலம் ஆதலால் அது இராணுவ இலக்கே. எனவே இதனைக் காரணமற்ற அழிப்பு என்னும் குற்றத்தில் சேர்க்க இயலாது என்றது. சட்டத்தின் நுட்பம் அறிந்தவனல்லன் நான். பாலத்தில் படைவீரன் நடந்தான். உணவு சுமந்த பெண்ணும் நடந்தாள். அவ்விருவரில் நீதிமன்றத்தின் தராசில் வீரனே கனத்தான் என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

1557இல் எழுந்த கராஜோஸ் பே பள்ளிவாசலின் அருகே ஒரு பழைய பூங்கா இருக்கிறது. முற்றுகைக் காலத்தில் மற்ற அடக்கத்தலங்களுக்குச் செல்ல வழியின்றி, இறந்தோரை இங்கே அடக்கினார்கள். வெண்கற்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். பிறந்த ஆண்டுகள் வேறு வேறு. இறந்த ஆண்டு பெரும்பாலும் ஒன்றே. ஒரு பாத்திஹா ஓதிவிட்டு வெளியே வந்தேன். எதிரே கடைக்காரர் ஒருவர் செம்புத் தட்டில் பாலத்தின் உருவத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

போருக்குப் பின் ஹங்கேரிய முக்குளிப்பாளர்கள் பழைய கற்களை ஆற்றிலிருந்து எடுத்தனர். பெரும்பாலானவை மீண்டும் பயன்படும் நிலையில் இல்லை. அதே வகைக் கல்லைப் புதிதாக வெட்டி, துருக்கியக் கட்டுமான நிறுவனமொன்று பழைய முறையிலேயே வளைவை எழுப்பியது. 2004 ஜூலை 23இல் பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம் பெற்றது.

பாலம் இணைந்தது, ஊர் இணைந்ததா என்பது வேறு வினா. கட்சிகளின் பிணக்கால் 2008க்குப் பிறகு 2020 டிசம்பர் வரை இங்கே நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஆஸ்திரிய ஆட்சியில் கட்டப்பெற்ற அழகிய உயர்பள்ளி 2004இல் ஒரே கூரையின்கீழ் மீண்டும் கூடியது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் இரண்டு. இதே ஊரில் பிறந்த செர்பியக் கவிஞர் அலெக்ஸா ஷாந்திச், ஓர் இமாமின் மகளைப் பாடிய பாடலை மட்டும் பொஸ்னியா முழுவதும் எல்லாரும் பாடுகிறார்கள்.

புறப்படும் நாளன்று மாலையில் மீண்டும் அதே சுவரில் அமர்ந்தேன். புதிய பாலத்தின் ஹிஜ்ரி ஆண்டு 1425. அந்த எண் வரும்படி இரண்டு நல்ல சொற்களைக் கூட்டிப் பார்த்தேன். மக்ரிப் பாங்கு கேட்கும் வரை முயன்றும் கணக்கு ஒத்துவரவில்லை.