ஆந்திரொமேடா பேரடை

ஆந்திரொமேடா பேரடை என்பது ஆந்திரொமேடா விண்மீன் குழாமின் திசையில் காணப்படும் ஒரு சுருள் பேரடை ஆகும். மெசியேயின் பட்டியலில் 31ஆவதாக இடம்பெறுவதால் எம்31 எனவும் அழைக்கப்படுகிறது. இது பூமியில் இருந்து ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. பால் வழிக்கு மிக அருகில் உள்ள பெரிய பேரடை இதுவே. நிலவொளியற்ற இருண்ட வானில் வெறும் கண்ணுக்கு மங்கலான ஒளித்திட்டாகத் தெரியும். பால் வழிக்கு அப்பாலும் பேரடைகள் உண்டு என்பது முதன்மையாக இதன் தொலைவை அளந்ததாலேயே உறுதியானது.

வரலாறு

பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964ஆம் ஆண்டு நூலில் இதனை ஒரு சிறு முகிலாகக் குறித்துள்ளார். சார்லஸ் மெசியே 1764இல் தமது பட்டியலில் சேர்த்தார். அக்காலத்தில் தொலைநோக்கியில் முகில் போலத் தெரிந்தவை அனைத்தும் விண்முகில்கள் எனப்பட்டன. 1912இல் வெஸ்டோ சிலைஃபர் இதன் நிறமாலையை ஆராய்ந்து, இது சூரியனை நோக்கி விநாடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவதைக் கண்டறிந்தார்.

1920இல் வாஷிங்டனில் நடந்த விவாதத்தில், சுருள் விண்முகில்கள் பால் வழியைச் சேர்ந்தவை என்று ஹார்லோ சாப்லியும், அவை தனிப் பேரடைகள் என்று ஹீபர் கர்ட்டிசும் வாதிட்டனர். தொலைவு தெரியாததால் முடிவு எட்டப்படவில்லை.

தொலைவை அளத்தல்

ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிந்தால், அது உண்மையில் ஒளி குறைந்ததா அல்லது வெகு தொலைவில் உள்ளதா என்பதைத் தோற்றத்தைக் கொண்டு மட்டும் கூற இயலாது. இதற்குத் தீர்வு செபீட் மாறும் விண்மீன்களில் கிடைத்தது. இவற்றின் ஒளி சீரான கால இடைவெளியில் கூடிக் குறையும். அக்கால அளவு நீளும்போது விண்மீனின் உண்மையான ஒளிர்வும் மிகும் என்பதை ஹென்ரியெட்டா லெவிட் 1912இல் நிறுவினார். எனவே கால அளவைக் கொண்டு உண்மையான ஒளிர்வை அறியலாம். அதனைத் தோற்ற ஒளிர்வுடன் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், வில்சன் மலை வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால் எம்31இல் ஒரு செபீட் விண்மீனைக் கண்டார். அதனை முதலில் புதுமீன் எனக் கருதி ஒளிப்படத் தகட்டில் குறித்த அவர், பின்னர் அக்குறியை அடித்துவிட்டு, மாறும் விண்மீன் எனத் திருத்தினார். அதன் கால அளவு ஏறத்தாழ 31 நாட்கள். இதன்படி கிடைத்த தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டுகள். இது பால் வழியின் விட்டமாகச் சாப்லி கருதிய 3 இலட்சம் ஒளியாண்டுகளையும் விஞ்சியது.

செபீட்களில் இரு வகைகள் உண்டு என்பதை வால்டர் பாடே 1952இல் அறிவித்தபோது, இத்தொலைவு இரு மடங்குக்கும் மேலாகத் திருத்தப்பட்டது.

சுழற்சி

பெரும்பகுதி நிறை மையத்தில் குவிந்திருப்பின், வெளிப்புறம் செல்லச் செல்லச் சுழற்சி வேகம் குறைய வேண்டும். ஆனால் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் வெளியிட்ட அளவீடுகளில் எம்31இன் வெளிப்பகுதிகளில் வேகம் அவ்வாறு குறையவில்லை. ஒளிராத கரும்பொருள் உண்டு என்பதற்கான முக்கியச் சான்றுகளில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

எதிர்காலம்

எம்31 ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் பால் வழியுடன் மோதும் என 2012இல் கணிக்கப்பட்டது. அருகிலுள்ள பிற பேரடைகளின் ஈர்ப்பையும் கணக்கில் கொண்ட 2025ஆம் ஆண்டு ஆய்வு, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் இவை இணைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடே எனக் கூறுகிறது.