இருபது வருஷக் கையெழுத்து: ஆசியாவுக்கு எரிவாயு வந்த கதை

கச்சா எண்ணெயை ஒரு பீப்பாயில் ஊற்றி வைக்கலாம். இன்று விற்கவில்லை என்றால் நாளை விற்கலாம், இந்த ஊரில் வாங்க ஆள் இல்லை என்றால் கப்பலைத் திருப்பி வேறு ஊருக்குக் கொண்டு போகலாம். இயற்கை எரிவாயு அப்படி இல்லை. பூமிக்குள்ளிருந்து வெளியே வந்த கணமே அதைப் பிடித்துக் குழாயில் அடைக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் அதை எரிக்க யாராவது காத்திருக்க வேண்டும். குழாய் போக முடியாத கடல் குறுக்கே வந்தால்? மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைக்க வேண்டும். அப்போது அது திரவமாகி, கன அளவு சுமார் 600 மடங்கு சுருங்கும். இதைத்தான் எல்.என்.ஜி. என்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிணறு, திரவமாக்கும் ஆலை, அந்தக் குளிரைத் தாங்கும் சிறப்புக் கப்பல், இறங்கும் துறைமுகத்தில் முனையம், அங்கிருந்து ஊருக்குள் குழாய், கடைசியில் வாங்கி எரிக்கும் மின் நிலையம். இந்த ஆறும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தயாராக வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் மற்ற ஐந்தும் வெறும் இரும்பு. அப்படியானால் யார் முதலில் பணம் போடுவது? "நீ கட்டு, நான் வாங்குகிறேன்" என்று ஒருவர் சொல்வார். "நீ வாங்குவாய் என்று என்ன நிச்சயம்?" என்று மற்றவர் கேட்பார்.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தது இயந்திரமல்ல, ஒரு காகிதம். பதினைந்து, இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு விலைச் சூத்திரத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். ஆசியாவில் அந்தக் காகிதத்தின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நெகிஷி, 1969

1969 நவம்பர் 4. யோக்கோஹாமாவின் நெகிஷி முனையத்துக்கு 'போலார் அலாஸ்கா' என்ற கப்பல் வந்து சேர்ந்தது. 71,500 கன மீட்டர் கொள்ளளவு. அலாஸ்காவின் குக் இன்லெட் பகுதியில் கிடைத்த எரிவாயு. அங்கே அதை வாங்க ஆள் இல்லை, பக்கத்தில் பெரிய நகரமும் இல்லை. விற்றவர்கள் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம், மாரத்தான் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள். வாங்கியவர்கள் டோக்கியோ கேஸும் டோக்கியோ மின் நிறுவனமும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஜப்பான் இதை வாங்கியது விலை மலிவு என்பதற்காக அல்ல. அன்றைக்குக் கச்சா எண்ணெய்தான் மலிவு. ஆனால் ஜப்பானின் தொழில் நகரங்கள் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. யொக்காயிச்சி நகரில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் கந்தகப் புகையால் வந்த ஆஸ்துமாவுக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். யோக்கோஹாமாவில் மேயர் அசுகாத்தா இச்சியோ 1964லேயே, புதிதாக வரும் ஆலைகளிடம் மாசுக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் எழுதி வாங்க ஆரம்பித்திருந்தார். கந்தகம் இல்லாத எரிபொருள் தேவைப்பட்டது.

டோக்கியோ கேஸின் தேவை மட்டும் ஒரு கப்பல் திட்டத்தைத் தாங்காது. அதனால் மின் நிறுவனத்தையும் கூட்டுச் சேர்த்தார்கள். 1970இல் ஓட ஆரம்பித்த மினாமி யோக்கோஹாமா மின் நிலையம், முழுக்க எல்.என்.ஜி.யில் மட்டுமே ஓடிய உலகின் முதல் அனல் மின் நிலையம்.

செலவு அதோடு நிற்கவில்லை. நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் தயாரித்த பழைய நகர வாயுவைவிட இயற்கை எரிவாயுவுக்கு வெப்பம் அதிகம். பழைய அடுப்பில் அப்படியே விட முடியாது. 1972 முதல் 1988 வரை டோக்கியோ கேஸ் ஆட்கள் வீடு வீடாகப் போய், லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் அடுப்புகளையும் வெந்நீர்க் கருவிகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். உள்கட்டமைப்பு என்றால் துறைமுகமும் ராட்சதத் தொட்டியும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். சமையலறை பர்னரும் அதில் சேர்த்தி.

யாருக்கு எந்த ரிஸ்க்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டன. எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கு ஆனது. அதே டிசம்பரில் இந்தோனேசியாவின் பெர்ட்டாமினா, ஐந்து ஜப்பானிய நிறுவனங்களோடு எல்.என்.ஜி. ஒப்பந்தம் போட்டது. கிழக்குக் கலிமந்தானில் போன்தாங், சுமத்ராவின் வட முனையில் அச்சே மாகாணத்து அருண் என இரண்டு ஆலைகள். கட்டுவதற்கான கடனில் பெரும் பங்கை ஜப்பானே கொடுத்தது. 1975இல் பெர்ட்டாமினா வேறு கடன்களைக் கட்ட முடியாமல் திணறி நாட்டையே உலுக்கியது. அப்போதும் இந்த இரண்டு ஆலைகளும் நிற்கவில்லை. 1977இல் போன்தாங்கிலிருந்தும் 1978இல் அருணிலிருந்தும் கப்பல் கிளம்பிவிட்டது.

இந்தக் காலத்தில்தான் ஆசிய ஒப்பந்தத்தின் வடிவம் உறுதியானது. அதற்கு இரண்டு கால்கள்.

ஒன்று, விலை. எரிவாயுவுக்கு என்று தனிச் சந்தை இல்லாததால் விலையைக் கச்சா எண்ணெயோடு கட்டினார்கள். எண்ணெய் ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இதுவும் இறங்கும். விலை இறங்கினால் நட்டம் விற்பவருக்கு.

இரண்டு, அளவு. 'டேக் ஆர் பே' என்பார்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கொடுத்தாக வேண்டும். ஊரில் தேவை குறைந்தால் நட்டம் வாங்குபவருக்கு.

விலை ரிஸ்க் உனக்கு, அளவு ரிஸ்க் எனக்கு. ரொம்ப நியாயமான பங்கீடு. இதை நம்பித்தான் வங்கிகள் கடன் கொடுத்தன. 1983இல் மலேசியாவின் பின்துலு, 1989இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடல், 1990களின் இறுதியில் கத்தார் என்று ஆலைகள் வரிசையாக முளைத்தன. வாங்கும் பக்கம் 1986இல் தென் கொரியாவும் 1990இல் தைவானும் வந்தன.

ஆனால் இந்த நியாயமான மேசையில் நாற்காலி இரண்டுதான். அருண் வயல் இருந்த அச்சேவின் மக்களுக்கு அங்கே இடமில்லை. வாயு ஜப்பானுக்கும் வருமானம் ஜகார்த்தாவுக்கும் போனது. 1976இல் ஹசன் டி தீரோ தொடங்கிய அச்சே விடுதலை இயக்கத்தின் முக்கியமான மனக்குறைகளில் இதுவும் ஒன்று. ஆயுதப் போராட்டமும் ராணுவ நடவடிக்கையும் சுமார் முப்பது வருஷம் நீடித்தன. 2001இல் வன்முறை காரணமாக அருணில் உற்பத்தியைச் சில மாதம் நிறுத்தியே வைத்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு, 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் சமாதானம் எழுதப்பட்டது. அச்சேயின் எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் அச்சேக்கே என்பது அதில் ஒரு ஷரத்து. ஆனால் அதற்குள் வயலின் பெரும்பகுதி காலி. 2014 அக்டோபரில் அருணிலிருந்து கடைசி ஏற்றுமதிக் கப்பல் போனது. அடுத்த ஆண்டே அந்த ஆலையை இறக்குமதி முனையமாக மாற்றிவிட்டார்கள். உலகுக்கே வாயு அனுப்பிய துறைமுகம், இப்போது வெளியிலிருந்து வாயு வாங்கி இறக்கும் துறைமுகம்.

இந்தியா வந்த விதம்

இந்தியா இந்த ஆட்டத்துக்குத் தாமதமாக வந்தது. 1999இல் பெட்ரோநெட் நிறுவனம் கத்தாரின் ராஸ்கேஸோடு ஆண்டுக்கு 75 லட்சம் டன், 25 வருஷம் என்று ஒப்பந்தம் போட்டது. 2004 ஜனவரி இறுதியில் குஜராத்தின் தகேஜுக்கு முதல் கப்பல் வந்தது. தகேஜ் ஜெயித்ததற்குக் காரணம் முனையம் மட்டும் அல்ல. ஹசீரா முதல் உத்தரப் பிரதேசம் வரை போகும் குழாய் 1980களிலேயே போட்டாகிவிட்டது. குழாயின் மறுமுனையில் உர ஆலைகள் காத்திருந்தன. ஆறு கண்ணிகளில் மூன்று ஏற்கெனவே கையில்.

பிறகு 2014இல் எண்ணெய் விலை சரிந்தது. ஒப்பந்த விலைச் சூத்திரமோ அறுபது மாதச் சராசரியில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் 6-7 டாலருக்குக் கிடைத்த அளவு வாயுவுக்கு, ஒப்பந்தப்படி 12-13 டாலர். இந்தியத் தரப்பு ஒப்பந்தச் சரக்கைக் குறைத்து எடுத்தது. டேக் ஆர் பே படி பார்த்தால் சுமார் 12,000 கோடி ரூபாய் கட்ட வேண்டும். 2015 டிசம்பர் கடைசி நாளில் சமரசம் ஏற்பட்டது. கத்தார் அபராதத்தைத் தள்ளுபடி செய்து, சராசரியை மூன்று மாதமாகக் குறைத்தது. பதிலுக்கு இந்தியா ஆண்டுக்கு இன்னும் 10 லட்சம் டன் வாங்க ஒப்புக்கொண்டது. காகிதம் கிழியவில்லை, மடித்து மறுபடி எழுதப்பட்டது. இரண்டு பக்கமும் அடுத்த இருபது வருஷத்தை யோசித்ததால்தான் அது நடந்தது.

கொச்சியின் கதை நேர் எதிர். புதுவைப்பில் 50 லட்சம் டன் கொள்ளளவு முனையம் 2013இல் தயார். ஆஸ்திரேலியாவோடு இருபது வருஷ ஒப்பந்தம் தயார். குழாய் மட்டும் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் முனையம் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. கொச்சி - மங்களூர் குழாய், சுமார் 450 கிலோமீட்டர், 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது.

இன்னொரு கிளை பாலக்காட்டிலிருந்து பெங்களூரை நோக்கி, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்கள் வழியாக வர வேண்டியது. இங்கே 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். குழாய்க்காக நிலத்தை அரசு வாங்காது, 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுக்கும். பட்டா விவசாயி பேரில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அதற்கு இழப்பீடு நில மதிப்பில் 10 சதவீதம். வெட்டுப்படும் மரத்துக்கும் பயிருக்கும் தனி. இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இது என்ன கணக்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

2013இல் தமிழக அரசு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் கெயில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2014 ஜூனில் ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு கொங்கு விவசாயியின் பயத்தை யாரும் கற்பனை என்று சொல்ல முடியாது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி வழக்கு முடிந்தது. ஆனால் இருபது வருஷத்துக்குக் காசு கணக்குப் போட்டவர்கள் இந்த ஆட்களை எந்த வரியில் எழுதினார்கள் என்ற கேள்வி முடியவில்லை.

காகிதம் மறுபக்கமிருந்து கிழிந்தபோது

2020 கொரோனா வசந்தத்தில் ஆசிய உடனடிச் சந்தை விலை 2 டாலருக்கும் கீழே விழுந்தது. "இனி எதற்கு நீண்டகால ஒப்பந்தம்? தேவைப்படும்போது சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே" என்ற பேச்சு பரவியது. இரண்டே வருஷம். ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது, ஐரோப்பா எந்த விலைக்கும் வாங்கத் தயாரானது, 2022இல் அதே சந்தை விலை 60 டாலரைத் தாண்டியது.

பாகிஸ்தானுக்கு ஒப்பந்தம் இருந்தது. ஆனால் சரக்கு அனுப்பத் தவறினால் விற்பவர் கட்ட வேண்டிய அபராதம், சரக்கின் விலையில் 30 சதவீதம்தான். ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே மூன்று நான்கு மடங்கு இடைவெளி இருக்கும்போது அந்த அபராதம் என்ன தடுக்கும்? வர வேண்டிய கப்பல்கள் பல வரவில்லை. 2022 ஜூலையில் பத்துக் கப்பல்களுக்கு டெண்டர் விட்டார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதே மாதம் வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தியது. இரண்டு நாடுகளிலும் மணிக்கணக்கில் மின்வெட்டு.

இந்தியாவுக்கும் அடி விழுந்தது. கெயிலுக்கு ரஷ்ய கேஸ்ப்ராம் குழும நிறுவனத்தோடு இருபது வருஷ ஒப்பந்தம். போர் வந்ததும் அந்த நிறுவனம் ஜெர்மன் அரசின் கைக்கு மாறியது, கப்பல்கள் நின்றன. கெயில் லண்டனில் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய், 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசமானது.

ஜப்பானும் கொரியாவும் அந்த வருஷத்தில் தப்பித்தன. பணம் இருந்தது ஒரு காரணம். வாங்கியதில் பெரும்பகுதி எண்ணெயோடு கட்டிய பழைய நீண்டகால ஒப்பந்தங்களில் இருந்தது இன்னொரு காரணம். ஐம்பது வருஷமாக ஒரே கடையில் கணக்கு வைத்திருப்பவருக்கும், அன்றாடம் காசைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால்தான் பழைய காகிதம் திரும்ப வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பெட்ரோநெட் கத்தாரோடு அதே 75 லட்சம் டன்னுக்கு மறுபடி கையெழுத்துப் போட்டது. 2028 தொடங்கி 2048 வரை. பிலிப்பைன்ஸும் வியட்நாமும் 2023இல் முதல் கப்பலை இறக்கியிருக்கின்றன. புது முனையங்கள், புதுக் குழாய்கள், புதுக் கடன்கள்.

2048 என்பது சாதாரண வருஷம் இல்லை. அதற்குள் சூரிய மின்சாரமும் மின்கலமும் எவ்வளவு மலிவாகும் என்று பந்தயம் கட்டித்தான் இந்தக் கையெழுத்துகள் விழுகின்றன. எரிவாயு தேவைப்படாமல் போனால் டேக் ஆர் பே பணத்தை யார் கட்டுவார்? மின் கட்டணம் வழியாக நீங்களும் நானும். வாங்குபவரும் விற்பவரும் ரிஸ்க்கைப் பங்கு போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டு ஐம்பது வருஷம் ஆகிறது. அச்சேயின் மீனவரையும், நாமக்கல்லின் தென்னை விவசாயியையும், கராச்சியில் இருட்டில் உட்கார்ந்திருந்த குடும்பத்தையும் அந்த மேசைக்குக் கூப்பிட இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த ஒப்பந்தச் செய்தி வரும்போது எத்தனை டன், எத்தனை வருஷம் என்பதோடு, இதில் கையெழுத்துப் போடாமலே மாட்டிக்கொண்டவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கும்.