தென்னார்க்காட்டில் தொண்டும் சமூகப்பணிப் படிப்பும்

சமூகப்பணி என்னும் சொல் தமிழில் இரு பொருளில் வழங்கி வருகிறது. ஊருக்கு நன்மை தரும் எச்செயலையும், அதைச் செய்பவர் யாராயினும், பொதுவாகக் குறிப்பது ஒன்று. கல்லூரியில் பயின்று, ஆசிரியரின் மேற்பார்வையில் களத்தில் பழகி, ஊதியம் பெற்றுச் செய்யும் ஒரு தொழிலைக் குறிப்பது மற்றொன்று. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் முதல் பொருளுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொடர்ச்சி உண்டு. இரண்டாம் பொருளோ பம்பாயிலும் சென்னையிலும் உருவாகி, ஆலைகளும் அரசுத் திட்டங்களும் வந்த பிறகே இங்கு வந்து சேர்ந்தது. இந்த வட்டாரத்திலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் முதுநிலைச் சமூகப்பணிப் பட்டத்தில் சேர நினைக்கும் மாணவருக்கு இவ்விரண்டு வரலாறுகளும் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் படிப்பு நல்ல படிப்பு என்ற கேள்விக்கான விடை அவற்றுக்குள் இருக்கிறது.

1823-இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், 1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் சுவடு மறையாத காலத்தில், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான எண்பது காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் வழங்கினர். அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதியும் சமயமும் கேட்காமல் பசித்து வருவோர்க்கெல்லாம் சோறு இடப்படுகிறது. பக்தி உணர்வோடு மட்டும் இதைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒருவர் ஒருநாள் இடும் பிச்சையாக அல்லாமல், நிலம், தானிய இருப்பு, சமைப்போர், பரிமாறுவோர், யாரையும் விலக்காத விதி ஆகியவற்றைக் கொண்ட ஒரு நிறுவனமாகவே தருமச்சாலை அமைக்கப்பட்டது. அதனால்தான் தொடங்கியவர் மறைந்த பிறகும் அது நின்றது. இன்றைய பாடநூல்கள் சமூகநல நிர்வாகம் என்று பெயரிட்டுத் தனித் தாளாகக் கற்பிக்கும் அறிவு, அப்பெயர் இல்லாமலே வடலூரில் நடைமுறையில் இருந்தது.

சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியை உருவாக்கி, பின்னர் சட்டமன்றத்திலும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். பரங்கிப்பேட்டையில் டென்மார்க்கைச் சேர்ந்த ஆன் மேரி பீட்டர்சன் பெண்களுக்கென்று நிறுவிய சேவா மந்திர் பள்ளிக்கு 1921-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். சோற்றிலிருந்து கல்விக்கும், கல்வியிலிருந்து உரிமைக்கும் தொண்டு நகர்ந்த பாதையை இம்மூன்று இடங்களும் காட்டுகின்றன. ஆயினும் தொண்டு செய்வதற்கு என ஒருவரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் இவற்றில் தனியாக உருப்பெறவில்லை. நல்ல உள்ளமும் குருவின் வழிகாட்டலும் போதும் என்றே கருதப்பட்டது.

பயிற்சி என்ற எண்ணத்தை இந்தியாவில் அழுத்தமாக முன்வைத்தவர்களுள் கோகலே ஒருவர். அவர் 1905-இல் புனேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்வோர் ஏழு உறுதிமொழிகளை ஏற்று, ஐந்தாண்டுக் காலம் படித்தும் நாட்டைச் சுற்றிப் பார்த்தும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. அச்சங்கத்தில் 1907-இல் சேர்ந்து, கோகலேக்குப் பின் அதன் தலைவரானவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவரே 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகச் சிதம்பரத்தில் இருந்தார். இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி பம்பாயில் திறக்கப்பட்ட 1936-ஆம் ஆண்டு அவருடைய பதவிக் காலத்துக்குள் அமைகிறது. தற்செயலான பொருத்தம்தான் என்றாலும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்தக் கல்லூரியின் கருத்து மேலைநாட்டில் விளைந்தது. 1869-இல் லண்டனில் தோன்றிய அறச்செயல் ஒருங்கிணைப்புச் சங்கம், உதவி கேட்டு வருவோரின் வீட்டுக்குச் சென்று நிலைமையை விசாரித்த பின்பே உதவுவதை வழக்கமாக்கியது. அத்தகைய சங்கப் பணியாளர்களுக்காக 1898-இல் நியூயார்க்கில் ஒரு கோடைக்காலப் பயிற்சி வகுப்பு நடந்தது. அமெரிக்காவில் அவ்வகைச் சங்கங்களில் நெடுங்காலம் உழைத்த மேரி ரிச்மண்ட் 1917-இல் வெளியிட்ட நூல், ஒரு குடும்பத்தின் துன்பத்தை மருத்துவர் நோயை ஆராய்வது போலச் சான்றுகளைக் கொண்டு ஆராயும் முறையை வகுத்தது. ஒருவரோடு நேரில் பழகி, அவர் சிக்கலை அவரே தீர்த்துக்கொள்ளத் துணைநிற்கும் இம்முறையே தனிநபர் பணி. சிறு கூட்டத்தினரோடு செய்வது குழுப்பணி. ஓர் ஊரையோ தெருவையோ ஒன்றுதிரட்டுவது சமுதாய அமைப்பாக்கம். சமூகப்பணிப் படிப்பு எங்கு நடந்தாலும் இம்மூன்றுமே அதன் அடித்தளம்.

பம்பாய் நாக்பாடாவின் நெருக்கடியான குடியிருப்புகளுக்கிடையே ஒரு சமூக மையத்தை நடத்தி வந்த அமெரிக்க மறைப்பணியாளர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட், டாட்டா அறக்கட்டளையின் துணையோடு 1936-இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே 1944-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. முதல் அணியில் இருபது மாணவர்கள் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்தனர். வகுப்பறையைவிட்டு இறங்கினால் சேரியும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பும் எதிரே நின்ற இடத்தில் அப்பள்ளி தொடங்கியது. மான்ஷார்ட்டுக்குப் பின் இயக்குநரான ஜே.எம். குமரப்பா தமிழர், காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். தமிழ்நாட்டில் இத்தகைய பள்ளி 1952-இல் சென்னையில் தோன்றியது. உதகமண்டலத்தில் பிறந்த பார்சிப் பெண்மணியான மேரி கிளப்வாலா ஜாதவ், கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பில் பல்லாண்டுகள் உழைத்த பட்டறிவால், நல்லெண்ணம் மட்டும் கொண்ட தொண்டர்களால் அனாதை இல்லத்தையும் மருத்துவமனைப் பிரிவையும் நெடுங்காலம் நடத்த முடியாது என்று உணர்ந்து, சென்னைச் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று நாடெங்கும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஊரகப் பணிக்கு ஆட்கள் தேவைப்பட்ட வேளையில் பள்ளி பிறந்தது.

எனினும் படிப்பின் திசையைத் தீர்மானித்தது ஊரகத் திட்டத்தைவிட ஆலைச் சட்டமே என்று சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் ஒவ்வோர் ஆலையும் தொழிலாளர் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்று விதித்தது. சமூகப்பணி படித்தவருக்கு உறுதியான சம்பளம் தரும் வேலை ஒன்றைச் சட்டமே உண்டாக்கியதால், பணியாளர் மேலாண்மையும் தொழிலாளர் நலமும் என்ற சிறப்புப் பாடத்தை நாடி மாணவர் திரண்டனர். தென்னார்க்காட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று: 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது, 1980-களில் கடலூர்ச் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது. வேலை வேண்டும் என்ற மாணவரின் விருப்பத்தில் குற்றமில்லை. ஆனால் நிர்வாகத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு தொழிலாளியின் நலனைக் காக்க வேண்டிய அந்தப் பதவியின் இக்கட்டைப் போதிய அளவு விவாதிக்காமலே அதற்கு ஆள் தயாரித்த கல்லூரிகளில், மருத்துவம், குழந்தை நலம், ஊரக மேம்பாடு ஆகிய பிரிவுகள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டன. அது இப்படிப்புக்கு நேர்ந்த இழப்பே.

இந்தப் படிப்பை மற்ற கலைப் படிப்புகளிலிருந்து பிரிப்பது களப்பணி. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் மாணவர் ஒரு மருத்துவமனையிலோ, குழந்தைகள் இல்லத்திலோ, குடிசைப் பகுதியிலோ இருக்க வேண்டும். பின்னர் நடந்ததை அறிக்கையாக எழுதி, மேற்பார்வை ஆசிரியரோடு தனியே அமர்ந்து பேச வேண்டும். அந்த அறிக்கையில் தாய் என்ன சொன்னாள், மாணவர் என்ன கேட்டார், பதில் சொல்லும் முன் அவள் ஏன் தயங்கினாள், எந்த இடத்தில் மாணவர் கேட்பதை நிறுத்திவிட்டு அறிவுரை கூறத் தொடங்கினார் என்பவை வரிசையாக இடம்பெறும். ஓரத்தில் ஆசிரியர் எழுதும் இரண்டு வரிகளிலிருந்து மாணவர் கற்றுக்கொள்வதை எந்தத் தேர்வும் கற்றுத்தராது. 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய தொலைதூரக் கல்வி, கல்லூரி வாசலை மிதிக்க இயலாத பல்லாயிரவருக்குப் பட்டத்தை எட்டச் செய்த பெரும் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் தொலைவிலிருந்து கற்கும் எந்தச் சமூகப்பணிப் படிப்பிலும், எந்தப் பல்கலைக்கழகம் நடத்தினாலும், அந்த ஓரக்குறிப்பை யார் எழுதுகிறார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பயிற்சிக்கும் இரக்கத்துக்கும் உள்ள வேறுபாடு கரையோரம் முழுவதும் வெளிப்பட்டது. தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் வரை துணியும் அரிசியும் வந்து குவிந்தன. பிள்ளையை இழந்த தாயிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதைக் கற்றவர்களோ குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளவியல், சமூக ஆதரவுப் பயிற்சி அளிக்க வேண்டியிருந்தது.

அதே 2004-இல், கடலூர்-சிதம்பரம் சாலையில் சிப்காட் வளாகத்தை ஒட்டியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களைச் சேர்ந்தவர்கள், சென்னைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் துணையோடு, தங்கள் காற்றைத் தாங்களே கண்காணிக்கும் அமைப்பை உருவாக்கினர். அவர்களுடைய கருவி மூடியிட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே ஒரு சிறப்புப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளியே வீசும் காற்று குழாய் வழியாகப் பைக்குள் நிறையும். பை ஆய்வகத்துக்குப் போகும். அதோடு, எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, எந்த நாற்றம் வந்தது என்பதையும் குறித்து வைத்தார்கள்: அழுகிய முட்டை, நகப்பூச்சு என்று அவர்கள் மூக்கு அறிந்த பெயர்களே முதல் சான்றாயின. ஓர் ஊர் தன் துன்பத்தைத் தானே பெயரிட்டு, தானே ஆவணப்படுத்தி, அதிகாரத்தின் முன் கொண்டுபோய் வைப்பதே சமுதாய அமைப்பாக்கம். அதைச் செய்ய அவ்வூர் மக்களுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. பட்டம் பெற வருவோர்க்குத்தான் அவ்வூர் தேவைப்படுகிறது.

இத்தொழிலுக்குச் சட்ட வேலி இன்னும் முழுமையாக இல்லை. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் இருப்பது போன்ற பதிவு மன்றம் சமூகப்பணியாளருக்கென்று நாட்டில் உருவாகவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஒவ்வொரு நீதிக் குழுமத்திலும் நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் அமர வேண்டும் என்று சொல்லி, அவர்களுக்கான தகுதியாகக் குழந்தைகள் தொடர்பான ஏழாண்டுப் பணியையோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்வதையோ குறிப்பிடுகிறது. சமூகப்பணிப் பட்டத்தை அவ்வரிசையில் சேர்க்கவில்லை. மாறாக, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களைத் தன் அட்டவணையில் கொண்டுவந்துள்ளது. மருத்துவமனைப் பணியை விரும்புவோர், தாம் சேரும் படிப்பு அந்தப் பதிவுக்கு ஏற்றதா என்பதைக் கேட்டறிவது நல்லது.

மூன்றாண்டு இளநிலைப் படிப்பா, எந்தப் பட்டத்துக்குப் பிறகும் சேரக்கூடிய ஈராண்டு முதுநிலைப் படிப்பா, சென்னையா, புதுச்சேரியா என்பவை களப்பணி பற்றிய கேள்விக்கு அடுத்தவையே. கட்டடத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் பார்த்து விண்ணப்பம் நிரப்புவதற்கு முன், கடலூர்ப் பிள்ளைகள் அந்தத் துறைக்கு நேரில் சென்று, சென்ற ஆண்டு மாணவர்கள் எந்தெந்த ஊருக்கும் மருத்துவமனைக்கும் களப்பணிக்குப் போனார்கள், ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு, ஒரு மாணவரின் களப்பணி அறிக்கையையும் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.