விதிக்கு மூத்த அணைகள்

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் தூண்களோடு பெயர்ந்து வெள்ளத்தில் போயின. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய அணை அது. காரணம் என்ன என்பதில் அப்போதே இரண்டு பேச்சு எழுந்தது. அணை பழையது, வெள்ளம் பெரியது என்றது ஆட்சித் தரப்பு. ஆற்றில் கண்மூடித்தனமாக மணல் அள்ளியதன் விளைவு இது என்றார்கள் டெல்டா விவசாயிகள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் வாதங்களாகவே பேசப்பட்டுவந்தன. அணைக்கட்டுக்கான பொறியியல் விதிகளை அவை பிறந்த காரணத்தோடு சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. வயது மட்டுமே ஓர் அணையை வீழ்த்துவதில்லை. எந்தப் படுகையை நம்பி அது கட்டப்பட்டதோ அந்தப் படுகை இன்னும் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்வி மிகப் பழையது. இங்கே அடித்தளத்துக்குப் பாறை கிடைக்காது. தோண்டத் தோண்ட மணல்தான். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை ஏறக்குறைய 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், 15 முதல் 18 அடி உயரம் கொண்ட வளைந்த கற்குவியல். உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1830 வாக்கில் மணல் வெளியேறக் கல்லணையில் மதகுகள் திறந்த காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை அதைக் கட்டியவர்களிடமே கற்றதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். அந்தக் காலத்தில் காவிரியின் தலைப்பு தூர்ந்து, சரிவு மிகுந்த கொள்ளிடம் தண்ணீரை வாரிக்கொண்டு போனது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்கவே மேலணை. ஆனால் அதன் விளைவாகக் காவிரிக்குள் நீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரித்தது. அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரித் தலைப்பில் படுகை அணை ஒன்று போடவும் வேண்டிவந்தது. இத்தனைக்கும் அப்போது கையில் எந்த விதிநூலும் இல்லை. மணலுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்ற டார்சியின் சூத்திரமே 1856இல்தான் வெளிவந்தது.

விதிகள் வந்தது அணைகள் விழுந்த பிறகு. கங்கையில் நரோரா அணை 1898இல் உடைந்தது. மேலே மோதிய வெள்ளத்தைவிட அடியில் கசிந்த நீர்தான் அதற்குப் பகை. இத்தகைய அனுபவங்களிலிருந்து பிளை என்ற பொறியாளர் ஒரு கணக்கை வகுத்தார். அணையின் இருபுறமும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டை மண்ணின் தன்மைக்கேற்ற எண்ணால் பெருக்கு. நீர் கசிந்து கடக்க வேண்டிய வழி அவ்வளவு நீளமாவது இருக்கட்டும் என்பது அது. பருமணலுக்கு அந்த எண் 12. 3 மீட்டர் வேறுபாடு என்றால் 36 மீட்டர் வழி. பிறகு கோஸ்லா என்ற பொறியாளரும் அவரது தோழர்களும் 1936இல் வெளியிட்ட நூல் இந்தக் கணக்கைத் திருத்தியது. வழி எவ்வளவு நீளம் என்பதைவிட, நீர் வெளியேறும் இடத்தில் மணலை எவ்வளவு வேகமாக உந்துகிறது என்பதே அணையின் உயிர் என்றார்கள். அணைக்கட்டு வடிவமைப்புக்கான இன்றைய இந்தியத் தர வழிகாட்டி ஐ.எஸ். 6966 இந்த மரபின் வாரிசு. இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அணைக்குக் கீழே படுகை எந்த மட்டத்தில் இருக்கிறது என்ற தகவல் வேண்டும். அணைக்குக் கீழே தண்ணீர் நிற்காத நாளில் அந்த மட்டம்தான் வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் படுகை ஒரு மீட்டர் தாழ்ந்தால் வேறுபாடு 4 மீட்டர், தேவைப்படும் வழி 48. கட்டியிருப்பதோ 36. அணையில் ஒரு கல்கூடப் பழுதாகாமலே அது விதிக்கு வெளியே போய்விடுகிறது. அணை கட்டினால் கீழே படுகை இயல்பாகவே சற்று இறங்கும் என்பதை விதி அறியும், அதற்கு இடமும் விடும். ஆற்றின் அரிப்புக்காக விட்ட அந்த இடத்தை மணல் லாரிகளுக்கும் சேர்த்துப் போதும் என்று படிப்பது பிழை.

விதியே இல்லாமல் கல்லணை நிற்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நின்றது, ஆனால் சும்மா நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மராமத்து பார்த்த கைகளால் நின்றது. அதே நதியில் கட்டி அழிந்துபோன தடுப்புகளின் பெயர் நமக்குத் தெரியாது. நின்றதை மட்டும் எண்ணி விதியைப் புறந்தள்ள முடியாது. இதற்கு நேரெதிராக, விதிக்குப் பொருந்தாத பழைய கட்டுமானம் எல்லாவற்றையும் இடித்துவிடலாமே என்ற வாதமும் சரியல்ல. புதிதாகக் கட்டுபவருக்கு எதிரே இருப்பது அனுமானம். பழையதைச் சோதிப்பவருக்கு எதிரே இருப்பது நூற்றெண்பது ஆண்டு வெள்ளம் எழுதிவைத்த சான்று. அந்தச் சான்றைத் தூக்கி எறிவது பொறியியல் ஆகாது. மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: விதியின் காரணத்தைப் பார் என்று சொன்னால், அதையே சாக்காக வைத்து எதையும் நியாயப்படுத்துவார்களே? அந்த அச்சம் உண்மையானது. ஆனால் நான் கேட்பது தளர்வை அல்ல. ஆண்டுதோறும் கீழ்ப்படுகையை அளந்து, எண்ணாக எழுதி, அந்த எண்ணோடு கசிவுக் கணக்கை மறுபடி போடுவது, தூண்களுக்குச் சிமெண்டு பூசி வண்ணம் அடித்துப் பழுதுபார்த்ததாகக் கோப்பை மூடுவதைவிடக் கடுமையான ஒழுங்கு. அப்படிப் படித்தால் 2018இல் பேசிய இரு தரப்பின் காரணங்களும் ஒரே கணக்கின் இரண்டு வரிகளாகிவிடும். படுகை தாழ்ந்திருந்தால், பழைய அணை முன்பு தாங்கிய அதே வெள்ளத்தை இனித் தாங்காது.

முக்கொம்பில் புதிய கதவணை திறக்கப்பட்டுவிட்டது. கொள்ளிடத்தில் இன்னும் கீழே, அணைக்கரையில், அதே 1836இல் காட்டன் கட்டிய கீழணை இருக்கிறது. அங்கிருந்து வடவாற்றில் போகும் தண்ணீர்தான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணத்துத் தண்ணீர் சென்னைக் குழாய் வரை போகிறது. கீழணைக்கு வயதாகிவிட்டதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அதன் கீழே மணல் இன்று எந்த மட்டத்தில் கிடக்கிறது என்று அடுத்த வெள்ளத்துக்கு முன் அளந்து சொல்ல வேண்டும்.