கால் ரூபாய்க்கு ஒரு மாதிரிப் படம்

போன முறை அடக்கவிலை பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டதாக வகுப்புத் தோழன் ஒருவன் இன்றுவரை கிண்டல் செய்கிறான். அதனால் இந்த முறை படம் பற்றி. ஆனால் காமர்ஸ்காரன் எழுதினால் அதிலும் கணக்கு வரத்தான் செய்யும் :)

என் சித்தப்பா சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் இவைதான் தொழில். இதில் காசு வாங்காமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. 'மாடல்' காட்டுவது. "அண்ணே, இன்னும் ரெண்டு மாடல் போடுங்களேன்" என்பார்கள். போட்டுக் காட்டினால், முதலில் காட்டியதே நல்லா இருக்கு என்று போய்விடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் எந்த பில்லிலும் ஏறாது.

மாதிரி பார்க்கும் செலவு புகைப்படக்காரர்களுக்கும் இருந்தது. எட்வின் லேண்ட் 1947இல் செய்து காட்டிய போலராய்டு கேமரா 1948 நவம்பரில் பாஸ்டனில் விற்பனைக்கு வந்தது. நமக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். ஸ்டுடியோக்காரர்களுக்கோ அது மாதிரி பார்க்கும் கருவி. விலை உயர்ந்த ஃபிலிமில் எடுப்பதற்கு முன் ஒரு போலராய்டு எடுத்து வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொள்வார்கள். டிஜிட்டல் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது.

இப்போது கம்ப்யூட்டர் வரையும் படங்களுக்கு வருவோம். 2014இல் இயான் குட்ஃபெல்லோவும் அவருடன் இருந்தவர்களும் 'கான்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு வலைப்பின்னல் கள்ளப் படம் தயாரிக்கும், இன்னொன்று அது கள்ளமா என்று கண்டுபிடிக்கும். இரண்டும் மோதி மோதித் தேறும். படம் ஒரே பாய்ச்சலில் வந்துவிடும். ஆனால் பயிற்சி கொடுப்பது பெரிய தலைவலி.

அடுத்தது டிஃப்யூஷன். யோசனை 2015லேயே வந்துவிட்டது, நன்றாக வேலை செய்தது 2020இல், பெர்க்லியில். வெறும் புள்ளிக் குப்பையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துப் படத்தை வெளியே எடுப்பது. துடைப்பது எத்தனை முறை தெரியுமா? 1000 முறை! 32க்கு 32 புள்ளி அளவில் 50,000 குட்டிப் படங்கள் எடுக்க ஒரு கார்டில் சுமார் 20 மணி நேரம் ஆனது. அதே வேலையை கான் ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிடும். இந்தக் கணக்கைச் சொன்னவர்கள் அதே ஆண்டில் படிகளைப் பல மடங்கு குறைக்க வழி கண்ட ஸ்டான்ஃபோர்டு ஆட்கள்.

விலையை உண்மையில் உடைத்தது 2021 டிசம்பரில் மியூனிக் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வு என்பது என் கருத்து. படத்தின் மேலேயே துடைக்காமல், அதைச் சுருக்கிவிட்டுச் சுருக்கத்தின் மேல் துடைத்தார்கள். 512க்கு 512 வண்ணப் படத்தில் 7,86,432 எண்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் அது 16,384 ஆகச் சுருங்கியது. 48 மடங்கு! அது 2022 ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு சரக்கை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றால் விலை என்ன ஆகும் என்பது நாம் முதல் செமஸ்டரிலேயே படித்ததுதானே.

2022 நவம்பரில் ஓப்பன்ஏஐ தன் டால்-ஈயை ஏபிஐயாகத் திறந்தது. ஏபிஐ என்றால், நம் புரோகிராம் ஒரு வரியை அனுப்பும், அங்கிருந்து படம் வரும், படத்துக்கு இவ்வளவு என்று காசு. சொந்தமாக கார்டு வாங்க வேண்டாம். பெரிய அளவுப் படம் 2 செண்ட், அன்றைய மதிப்பில் சுமார் 1 ரூபாய் 65 பைசா.

அதன்பிறகு படிகளைக் குறைக்கும் போட்டி. மெதுவான மாடல் வாத்தியாராகி, பல படிகளில் செய்வதைச் சில படிகளில் தாண்ட ஒரு மாணவ மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கும். 2023 நவம்பரில் வந்த எஸ்டிஎக்ஸ்எல் டர்போ ஒரே படியில் படம் தந்தது. இதில் வேடிக்கை, மாணவனைத் திருத்த அந்தப் பழைய கான் போலீஸ்காரனையே திரும்பக் கூட்டிவந்திருந்தார்கள்! 2024 ஆகஸ்டில், மியூனிக் ஆட்கள் சிலர் தொடங்கிய பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் 'ஃப்ளக்ஸ் ஷ்னெல்' வெளியிட்டது. ஷ்னெல் என்றால் ஜெர்மனில் வேகம். 1 முதல் 4 படிகள், வியாபாரத்துக்கும் இலவச உரிமம். அதை ஏபிஐயில் ஒரு படம் 0.3 செண்டுக்குக் கொடுத்தார்கள். கால் ரூபாய்!

விடுவேனா? சித்தப்பாவிடம், "மாடலை இனி இதில் போடலாம்" என்றேன். ஒரு கோயில் விழா ஃப்ளெக்ஸுக்கு 60 படம் எடுத்தோம். 15 ரூபாய். ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாடிக்கையாளரிடம் காட்டி, சம்மதமும் வாங்கிவிட்டோம். பிறகு அதே வரியையும் அதே சீட் எண்ணையும் இன்னொரு பெரிய மாடலுக்குக் கொடுத்தேன், அதே படம் தெளிவாக வரும் என்று நம்பி. வந்தது வேறு படம். கோபுரம் இடமிருந்து வலத்துக்குப் போய்விட்டது, யானையைக் காணோம்!

அப்போதுதான் உறைத்தது. சீட் எண் அந்த ஒரு மாடலுக்குள்தான் செல்லும். போலராய்டில் பார்த்த அதே காட்சிதான் ஃபிலிமிலும் விழும். இங்கே மாதிரிக்கும் அசலுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது. மாதிரிப் படத்தையே உள்ளீடாகக் கொடுத்து மெருகேற்றியிருக்க வேண்டும். கடைசியில் சித்தப்பா ராத்திரி உட்கார்ந்து கையால் சரிசெய்தார். தமிழ் எழுத்துகளை மாடல் புழுப்புழுவாகத்தான் போட்டது, அதையும் அவர்தான் போட்டார்.

இன்னொரு செலவும் எந்தப் பில்லிலும் ஏறவில்லை. இந்த மாடல்கள் படிப்பதே மனிதர்கள் வரைந்த, எடுத்த படங்களை வைத்துத்தான். 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டது அதற்காகத்தான். மாதிரிக்குக் கால் ரூபாய் என்று நான் குதித்தபோது அவர்கள் பங்கு அதில் பூஜ்யம். இதை அடக்கவிலையில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சித்தப்பாவின் நேரம் மிச்சமானதா என்றால், இல்லை. "கம்ப்யூட்டர்தானே போடுது, இன்னும் பத்து காட்டுங்கண்ணே" என்கிறார்கள். இப்போது அவர் கடையில் ஓர் அட்டை தொங்குகிறது: 'மூன்று மாடல் இலவசம். அதற்கு மேல் ஒன்றுக்கு 50 ரூபாய்.' கால் ரூபாய்ச் சரக்குக்கு 50 ரூபாயா சித்தப்பா என்று கேட்டேன். "படத்துக்கு இல்லடா, பார்த்துட்டு வேணாம்னு சொல்றாங்கல்ல, அதுக்கு" என்றார்.

பி.கு: அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு. அதுவரை பின்னூட்டங்களுக்குப் பதில் வராவிட்டால் கோபிக்க வேண்டாம்.