சரக்குப் போக்குவரத்துச் செலவு: ஆலை முதல் அங்காடி வரை சுமப்பது யார்?

புதுதில்லி: நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் உற்பத்திச் செலவு, வரி, லாபம் ஆகியவற்றுடன் எளிதில் புலப்படாத மற்றொரு செலவும் அடங்கியுள்ளது. ஆலையிலிருந்தோ வயலிலிருந்தோ புறப்படும் பொருளை ஏற்றுவது, இறக்குவது, கிடங்கில் வைத்துக் காப்பது, உரிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவே அது. வணிக மேலாண்மையில் இப்பணிகள் அனைத்தும் சேர்ந்து பொருள் விநியோகம் அல்லது லாஜிஸ்டிக்ஸ் எனப்படுகின்றன.

இந்தியாவில் இச்செலவு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 முதல் 14 சதவீதம் வரை இருப்பதாக நீண்ட காலம் கூறப்பட்டு வந்தது. அதனை ஒற்றை இலக்கத்துக்குக் குறைக்கும் நோக்குடன் 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வெளியிடப்பட்டது. பின்னர், தேசிய பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு மத்திய அரசுக்காக மேற்கொண்ட விரிவான மதிப்பீட்டில், 2023-24 நிதியாண்டில் இச்செலவு 7.97 சதவீதம் எனக் கணக்கிடப்பட்டது. இரு கணக்கீடுகளின் முறைகளும் வெவ்வேறானவை. எனவே, இடைப்பட்ட வேறுபாடு முழுவதையும் சேமிப்பாகக் கருத இயலாது.

பொருள் விநியோகத்தின் கூறுகள்

பொருள் விநியோகம் என்பது போக்குவரத்து மட்டுமன்று. வாடிக்கையாளரின் ஆணையைப் பெற்று நிறைவேற்றுதல், கிடங்கு நிர்வாகம், சரக்கு இருப்பைக் கட்டுப்படுத்துதல், பொதி கட்டுதல், சரக்கைக் கையாளுதல், போக்குவரத்து ஆகிய ஆறும் அதன் முக்கியக் கூறுகளாகும்.

இவற்றுள் ஒன்றின் செலவைக் குறைத்தால் மற்றொன்றின் செலவு கூடுவது வழக்கம். விமானம் மூலம் சரக்கை அனுப்பினால் கட்டணம் பன்மடங்கு உயரும். ஆனால், வழியிலும் கிடங்கிலும் முடங்கும் முதலீடு குறையும். ரயிலில் அனுப்பினால் கட்டணம் குறையும். ஆனால், நிலையத்துக்குக் கொண்டுவரவும் அங்கிருந்து எடுத்துச் செல்லவும் கூடுதலாக இருமுறை ஏற்றி இறக்க நேரிடும். ஆகவே, தனித்தனிச் செலவுகளைப் பாராமல் அவற்றின் கூட்டுத்தொகையைக் குறைப்பதே மேலாண்மையின் அடிப்படை நெறியாகக் கொள்ளப்படுகிறது.

வரியால் அமைந்த கிடங்குகள்

இந்நெறிக்கு மாறாக, பல ஆண்டுகள் இந்திய நிறுவனங்களின் கிடங்குகள் எங்கு அமைய வேண்டும் என்பதை வரிச் சட்டமே பெரிதும் தீர்மானித்து வந்தது. 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்திலிருந்து வேறொரு மாநிலத்துக்கு நேரடியாக விற்கப்படும் பொருளுக்கு வரி செலுத்த வேண்டும். ஆனால், ஒரு நிறுவனம் மற்றொரு மாநிலத்தில் உள்ள தனது சொந்தக் கிடங்குக்குச் சரக்கை மாற்றினால், அது விற்பனையாகக் கருதப்படாததால் அவ்வரி இல்லை. இதன் விளைவாக, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாநிலத்துக்கு ஒரு கிடங்கை நிறுவனங்கள் பராமரித்தன. எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் மணிக்கணக்கில் காத்திருந்தன.

2017 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) இந்நிலையை மாற்றியது. மாநிலங்களுக்கு இடையிலான சரக்கு மாற்றத்துக்கும் வரி விதிக்கப்பட்டு, அத்தொகையை உள்ளீட்டு வரி வரவாக ஈடு செய்ய வழி ஏற்பட்டதால், மாநிலந்தோறும் கிடங்கு வைப்பதன் வரி ஆதாயம் மறைந்தது. விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, 2018 ஏப்ரல் 1 முதல், ரூ.50 ஆயிரத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்குகளை மாநிலங்களுக்கு இடையே கொண்டு செல்ல மின்வழிச் சீட்டு (இ-வே பில்) கட்டாயமானது. சாதாரண சரக்குகளுக்கு, 200 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இச்சீட்டு தற்போது செல்லும்.

கிடங்குகள் குறைந்தால்

கிடங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால் கிடைக்கும் பயனைக் கணக்கிட மேலாளர்கள் வர்க்கமூல விதியைப் பயன்படுத்துவதுண்டு. எதிர்பாராத தேவைக்காக வைக்கப்படும் பாதுகாப்பு இருப்பு, கிடங்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதே அவ்விதி. எடுத்துக்காட்டாக, 25 கிடங்குகளை 9 ஆகக் குறைத்தால், 5-க்கு 3 என்ற விகிதத்தில், அதாவது 40 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு இருப்பு குறையும். ஓரிடத்தில் தேவை உயரும்போது வேறோரிடத்தில் தாழ்ந்து, ஒன்றையொன்று ஈடு செய்வதே இதற்குக் காரணம்.

ஆயினும், இதற்கும் விலை உண்டு. கிடங்கிலிருந்து கடைக்கு உள்ள தொலைவு கூடுவதால் போக்குவரத்துச் செலவும் காலமும் அதிகரிக்கும். அன்றாடம் விற்றுத் தீரும் பால், ரொட்டி போன்றவற்றுக்கு இம்முறை பொருந்தாது. விலை மிகுந்த, மெதுவாக விற்கும் உதிரி பாகங்கள் போன்றவற்றுக்கே இது பெரிதும் உகந்தது.

சாலையும் ரயிலும்

நாட்டில் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி சாலை வழியாகவே நடைபெறுகிறது. நீண்ட தொலைவுக்கு டன் ஒன்றுக்கான செலவில் ரயில் சிக்கனமானது எனினும், பயணிகள் ரயில்களுக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் சரக்கு ரயில்கள் மணிக்குச் சராசரியாகச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்று வந்தன. சரக்கு எப்போது வந்து சேரும் என்ற உறுதியின்மை காரணமாகவே பலர் லாரிகளை நாடினர்.

இக்குறையைப் போக்க, சரக்கு ரயில்களுக்கென்றே தனி வழித்தடங்கள் அமைக்கப்படுகின்றன. பஞ்சாபின் லூதியானாவையும் பிகாரின் சோன்நகரையும் இணைக்கும் கிழக்கு வழித்தடம் 1,337 கிலோமீட்டர் நீளமுடையது. உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியையும் நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட மேற்கு வழித்தடம் 1,506 கிலோமீட்டர் நீளமுடையது. மேற்கு வழித்தடத்தில் மின்கம்பிகள் கூடுதல் உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளதால், கன்டெய்னர்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்ல முடிகிறது. சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கை 2030-க்குள் 45 சதவீதமாக உயர்த்துவது தேசிய ரயில் திட்டத்தின் இலக்காகும்.

சாலை, ரயில், துறைமுகம் ஆகியவற்றை ஓரிடத்தில் இணைக்கும் பல்முனைச் சரக்குப் பூங்காக்களும் திட்டமிடப்பட்டுள்ளன. சென்னைக்கு அருகே திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் அமையும் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது.

வழியிலேயே வீணாகும் விளைச்சல்

விநியோகக் குறைபாட்டின் இழப்பு வேளாண் விளைபொருள்களில் தெளிவாகத் தெரிகிறது. பழங்கள், காய்கறிகளில் வகையைப் பொறுத்து சுமார் 4.6 முதல் 15.9 சதவீதம் வரை அறுவடையின்போதும் அதற்குப் பின்னரும் வீணாவதாக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் லூதியானா நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நாட்டின் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பாலானவை உருளைக்கிழங்குக்காகவே கட்டப்பட்டவை. வயலருகே முன்குளிரூட்டும் வசதி, குளிர்பதன வாகனம், விற்பனை நிலையத்தில் குளிர்சாதனம் ஆகியவற்றில் ஒரு கண்ணி விடுபட்டாலும் முழுச் சங்கிலியும் பயனற்றதாகிவிடும்.

எஞ்சியிருக்கும் கேள்வி

இம்மாற்றங்களின் பயன் அனைவருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. ஒரு முழு லாரியையோ, கன்டெய்னரையோ நிரப்பும் அளவுக்குச் சரக்கு உள்ள பெரிய நிறுவனம் கட்டணத்தைப் பேசிக் குறைத்துக்கொள்ள முடியும். பத்துப் பெட்டிகளை மட்டும் அனுப்பும் சிறு உற்பத்தியாளருக்கு அவ்வாய்ப்பு இல்லை. விற்பனை மதிப்புடன் ஒப்பிடுகையில் அவரது சுமையே அதிகம். ஓரிரு லாரிகளை மட்டும் வைத்திருக்கும் உரிமையாளரோ, திரும்பும் வழியில் சரக்குக் கிடைக்காவிட்டால் வெறும் வண்டிக்கும் டீசல் செலவைத் தாமே ஏற்கிறார்.

இச்சங்கிலியைத் தாங்கி நிற்கும் ஓட்டுநர்களின் நலனும் தாமதமாகவே கவனம் பெற்றது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிறு உற்பத்தியாளர்களின் சரக்குகளை ஒன்றுசேர்த்து முழுச் சுமையாக அனுப்பும் ஏற்பாடுகள் பெருகும்போதுதான், மொத்தக் கணக்கில் காணப்படும் சேமிப்பு அவர்களையும் சென்றடையும்.