உறங்கக் கற்றுக்கொண்ட நுண்செயலி



மாணவர்கள் நிரலாக்கம் பழகும் மைக்ரோபிட் அட்டையின் இரண்டாம் பதிப்பில் (2020), பின்புறப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு மங்கி அணையும். கருவி உறங்குகிறது. "உறக்கம் என்றால் மின்கலம் ஏன் தீர்கிறது?" எனப் பெற்றோர் ஒருவர் வினவினார். நல்ல வினா. விடைக்கு 40 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1981இல் பள்ளிகளுக்காக பிபிசி மைக்ரோ கணினியைத் தயாரித்தது கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம். அங்கேதான் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஏ.ஆர்.எம். நுண்செயலியை வடிவமைத்தனர். விலைமிக்க பீங்கான் உறையைத் தவிர்த்து, மலிவான பிளாஸ்டிக் உறையில் அதனை அடைக்க விரும்பினர். வெப்பம் மிகுந்தால் பிளாஸ்டிக் தாங்காது. ஆதலால் மின்செலவு ஒரு வாட்டைத் தாண்டலாகாது. துல்லியமாகக் கணிக்கும் மென்பொருள் இல்லாமையால், ஐயம் எழுந்த இடமெல்லாம் சிக்கனத்தின் பக்கமே சாய்ந்தனர்.

1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதற்சில்லு இயங்கியது. ஃபர்பர் மின்னோட்டத்தை அளந்தபோது மானி சுழியத்தைக் காட்டிற்று! சோதனை அட்டையில் மின்னிணைப்பே விடுபட்டிருந்தது. பிற சில்லுகளிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியே கசிந்த மின்சாரத்தைக் கொண்டே அது ஓடியிருக்கிறது.

இதனை அற்புதமாகக் கூறுவோர் உளர். எனக்கு அது செட்டாகவே தோன்றுகிறது. அந்தச் சில்லு குறைவாக உண்டது, உறங்கவில்லை.

உறக்கம் பிற்காலத்தது. 1993இல் ஆப்பிளின் நியூட்டன் கையடக்கக் கருவியில் அமைந்த ஏ.ஆர்.எம். 610, கடிகாரத் துடிப்பை நிறுத்தினாலும் நினைவிழக்காதவாறு அமைக்கப்பட்டது. பின்னர் டிரான்சிஸ்டர்கள் மேலும் சிறுத்தன. துடிப்பு நின்றாலும் மின்சாரம் கசிந்தது. பெற்றோர் வினவிய மின்கலத்தைக் கரைப்பதில் இக்கசிவுக்கும் பங்குண்டு.

ஆகவே மின்னழுத்தத்தையும் குறைக்கலாயினர். இயங்கும் வேளையில் இதன் பயன் பெரிது: அழுத்தம் பாதியானால் செலவு நான்கில் ஒன்றாகும். ஆனால் வரிசை முக்கியம். இறங்கும்போது முதலில் வேகம், பிறகு அழுத்தம். ஏறும்போது முதலில் அழுத்தம். மாற்றிச் செய்தால் கணக்குப் பிழைக்கும். உறக்கத்திலும் ஓர் எல்லைக்குக் கீழே அழுத்தம் போனால் நினைவு அழியும். முற்றிலும் துண்டித்தால், விழிக்கையில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அதற்கும் மின்சாரம் வேண்டுமே! நிமிடத்திற்கு ஒருமுறை விழிக்கும் வெப்பமானிக்கு ஆழ்ந்த உறக்கம் இலாபம். நொடிக்கு ஆயிரம் முறை எழுப்பப்படும் கருவிக்கோ கோழித்தூக்கமே போதும்.